திங்கட்கிழமை கடை விடுமுறை

ஹொக் செங் கடைக்குப் பெயர்ப்பலகை இல்லை.
பாகாவ் பேருந்து நிலையத்துக்குப் பின்னால்
டயர்க்கடையும் அடகுக்கடையும் போனால் போகிறதென்று விட்ட சந்தில்
ஆறு வட்ட மேசை,
ஒரு நெருப்பு.
சம்பள வாரச் சனிக்கிழமை
நானும் நாகேந்திரனும் அங்கேதான்.

என்ன வேண்டும் என்று அவர் கேட்பதில்லை.
எங்களைப் பார்ப்பார், மீன்தொட்டியைப் பார்ப்பார்,
"இன்னிக்குத் திலாப்பியா வேண்டாம்" என்பார்.
பதினோரு வருடமாக
அவ்வளவுதான் எங்களுக்குள் பேச்சு.
பிறகு வாணலி தீப்பிடிக்கும்.
இஞ்சி, தான் கிழங்கென்பதை மறந்து நூல்நூலாக வரும்.
கங்கோங் கீரை பெலாச்சானில் புரண்டும்
பச்சை மாறாமல் வரும்.
மீன் முழுதாக, கண் திறந்தபடி,
எங்கள் இருவரில் யாரைப் பார்ப்பதென்ற யோசனையோடு வரும்.
கன்னத்துச் சதை எனக்கு.
கல்யாணத்தில் எழுதாத ஒப்பந்தம் அது.

செம்பனை லாரிகளை நிறுத்து நிறுத்து
நாகேந்திரனுக்கு எல்லாமே டன் கணக்கு.
இங்கே மட்டும்
ஒரு கரண்டிச் சாற்றைச் சோற்றில் விட்டுக்
கண்ணை மூடிக்கொள்கிறார்.
அந்த முகத்தைப் பார்க்கத்தான் வருகிறேனோ என்னவோ.
மீனுக்கும்தான்.

போன மாதம் காசு கொடுக்கும்போது
வாய் சும்மா இருக்காமல் சொல்லிவிட்டேன்:
"தவுக்கே, ஒருநாள் நம்ம வீட்டுக்குச் சாப்பிட வாங்க."
மரியாதைக்குச் சொல்வதுதானே.
அவர் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு
நாள்காட்டியைப் பார்த்தார்.
"திங்கள். கடை லீவு."

ஞாயிறு முழுக்க எனக்குக் காய்ச்சல் மாதிரி.
சமைக்கிறவருக்கு என்ன சமைப்பது?
லோகாம்பாள் போனில் பிரியாணி என்றாள்.
நாகேந்திரன், "தபாவ் பண்ணிடலாமா?" என்றார்.
எங்கே தபாவ்?
இந்த ஊரின் நல்ல கடை
சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு
நம் வீட்டுக்கல்லவா வருகிறது.

கடைசியில் வழக்கமான திங்கட்கிழமையையே சமைத்தேன்.
பானைச் சோறு, முருங்கைக்காய் போட்ட நெத்திலிக் குழம்பு,
பயற்றங்காய்ப் பொரியல், அப்பளம்.
அடுத்த வீட்டுக் கமாரியா வாசனை பிடித்து
வேலிக்கு மேலே ஒரு கிண்ணம் சம்பல் நீட்டினாள்.
"யார் வர்றாங்க?"
சொன்னேன்.
கிண்ணத்தின் பின்னாலேயே அவளும் வந்துவிட்டாள்.

மணி ஏழு. மழை.
ஒரு பை ரம்புத்தானோடு வாசலில் நின்றார்.
நெருப்புக்குப் பின்னால் இல்லாதபோது
மனிதர் இவ்வளவு குட்டையா!
உட்காரச் சொன்னால் உட்காரத் தெரியவில்லை.
அடுப்பங்கரைப் பக்கமே நகர்ந்து நகர்ந்து போனார்.
நான் அவரைப் பார்த்தேன், பானையைப் பார்க்கவில்லை.

முதலில் அவர் மூக்குதான் நிமிர்ந்தது.
அடிப்பிடித்துவிட்டது.
மூடியைப் பொத்திக்கொண்டு
மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன்.
தட்டோடு பக்கத்தில் வந்து நின்றார்:
"அடியில இருக்கிறது எனக்கு."
தினமும் கடை மூடியபின்
அவர் தனியாகச் சாப்பிடுவது அதுதானாம்.
எந்த மேசைக்கும் அனுப்பியதில்லையாம்.

கரண்டியால் நானே சுரண்டினேன்.
வீடே கூசும் சத்தம்.
பழுப்பும் கறுப்புமாய்க் காந்தல்,
மேலே நெத்திலிக் குழம்பு, கமாரியாவின் சம்பல்.
ஹொக் செங் கண்ணை மூடிக்கொண்டார்.
எனக்குத் தெரிந்த முகம்,
வேறொருவர் மேல்.

தேநீருக்குத் தண்ணீர் வைத்தால் கேஸ் தீர்ந்திருந்தது.
பாய் விரித்து ரம்புத்தான் உரித்தோம்.
தோலிலிருந்து எறும்புகள் இறங்கிக்
கமாரியாவின் முழங்கை வரை ஏறின.
அப்போதுதான் கேட்டேன்,
ஏன் எங்களுக்கு மட்டும் திலாப்பியா தருவதில்லை?
நாகேந்திரனைக் காட்டினார்.
"கண்ணை மூடிச் சாப்பிடுற ஆளு.
குளத்து மீனுக்குச் சேத்து வாசம் இருக்கும்.
கண்ணைத் திறந்தா மறைச்சிடலாம்.
மூடினா முடியாது."

அடுத்த சனிக்கிழமை மீனோடு
கேட்காமலே ஒரு சின்னத் தட்டு வந்தது.
காந்தல். கணக்கில் எழுதவில்லை.
கன்னத்துச் சதை எனக்கு, அதில் மாற்றமில்லை.
இதற்குத்தான் இன்னும் ஒப்பந்தம் ஆகவில்லை.
இரண்டு கரண்டிகள்,
ஒரு தட்டு,
நாகேந்திரன் இப்போது
கண்ணைத் திறந்துகொண்டே சாப்பிடுகிறார்.