கல் எடை நீக்கி

சம்பளத்துக்கு ஒன்பது நாள் முன்னால்,
தேக்கா பக்கம் மழை பிடித்துக்கொண்ட ஒரு மதியம்
ஜெசிந்தா அந்தோணிசாமி வருவார்.
குடையை வாளியில் போட்டுவிட்டு
கண்ணாடிக்குக் கீழுள்ள பள்ளத்தில்
கைவளையைத் தள்ளுவார்,
பேருந்தில் அட்டையைத் தட்டுகிற அலட்சியத்தோடு.

காரணம் கேட்பது எங்கள் வேலையில்லை.
தராசு, உரைகல், அமிலக் குப்பி, லென்ஸ்.
இவை கேட்பதற்குப் பதில் வந்தால் போதும்.

முதல் முறை எனக்கே இளக்காரம்.
எங்கள் வரிசையில் நிற்பதெல்லாம் தொள்ளாயிரத்துப் பதினாறு:
தாலிக்கொடி, அட்டிகை, பிள்ளையின் அரைஞாண்.
இதுவோ எழுநூற்றைம்பது.
சோகை பிடித்த மஞ்சள்.
"இத்தாலிங்க" என்றார்,
பக்கத்து வீட்டுச் சண்டையைப் பற்றிச் சொல்வதுபோலத்
தாழ்ந்த குரலில்.

உள்பக்கம் முத்திரை:
ஒரு நட்சத்திரம், ஓர் எண்,
ஃப்ளோரன்ஸின் இரண்டு எழுத்து.
சரி என்று எழுதிவிட்டு
வெளிப்பக்கம் திருப்பினேன்.
திருப்பியிருக்கக் கூடாது.

மயிரிழைக் கோடுகள்,
குறுக்கே இன்னொரு வரிசை,
வார்ப்பு இல்லை, அச்சு இல்லை, ஒவ்வொன்றும் உளி.
தகட்டைப் பட்டாக்கிவிடலாம் என்று
எவனோ முதுகு வளைய உட்கார்ந்திருக்கிறான்.
மூன்றாவது கார்னெட்டுக்கு இடப்பக்கம்
ஒரே ஒரு கோடு தடுமாறுகிறது.
இருமினானோ.
காப்பி ஆறுகிறது என்று யாராவது கூப்பிட்டார்களோ.

"எத்தனை கிராம்?" என்றார் தவுக்கே கோ,
திரையிலிருந்து கண்ணெடுக்காமல்.

சீட்டில் எழுதினேன்:
கைவளை ஒன்று. சிவப்புக் கல் ஐந்து.
கல் எடை நீக்கி பதினெட்டு புள்ளி நான்கு.
எதிர்வரிசைக் கடைகளில்
செய்கூலி, சேதாரம் என்று நம்மைப் பிழிகிற உலகம்தான் இது.
இந்தப் பக்கம் வந்தால்
செய்த கைக்கு ஒரு காசு கிடையாது.

வைப்பார். மீட்பார். வைப்பார்.

நான்காம் முறை லென்ஸுக்குள்
மூன்றாவது கல்லின் வயிற்றில் ஒரு குமிழி.
கண்ணாடி.
பிடிப்பற்களில் புது இடுக்கியின் கீறல்,
அந்த உளிக்காரன் செத்தாலும் செய்யாத கீறல்.
யாரோ ஏமாற்றிவிட்டார்கள் என்று
சொல்ல வாயெடுத்தேன்.

"தெரியும்" என்றார் ஜெசிந்தா.
"நான்தான் எடுத்தேன்.
நீங்கதான் கல்லைக் கணக்குல சேக்கறதில்லையே."

அவர் மூக்கில் ஒரு சிவப்பு.

அடுத்தடுத்த மாதங்களில்
இடது காது. வலது காது.
பிறகு மோதிர விரல்.
"விடிகாலை அஞ்சு மணிக்குக் கண்ணாடி பாக்கறப்போ
ஏதாவது ஒண்ணு என்னுதா இருக்கணும்ல."
ஐந்தாவது எங்கே போனது என்று
நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

வளையில் கண்ணாடி ஏற ஏற
எங்கோ சண்டை மூண்டு தங்கமும் ஏறியது.
ஐந்தும் பொய்யான அன்று
அவருக்குக் கிடைத்தது
ஐந்தும் உண்மையாயிருந்த நாளைவிட
நானூறு வெள்ளி கூடுதல்.
தவுக்கே கையெழுத்துப் போட்டார்.
சீட்டில் அதே வரி: சிவப்புக் கல் ஐந்து.
சிவப்புதானே. பொய் எழுதவில்லை.

அவர் போன பிறகு
எண்ணெய்த் துணியை எடுத்தேன்.
உரைகல்லில் அன்றைய கோடுகள்,
யார் யார் வீட்டுப் பொன்னோ, மெலிசாக.
ஒவ்வொரு முறையும் உரசியிருக்கிறேன்,
உரசாமல் விலை சொல்ல விதியில்லை.
பதினான்கு தடவை.
எந்தத் தராசிலும் ஏறாமல்
எந்தச் சீட்டிலும் வராமல்
நானும் எடுத்திருக்கிறேன், ஜெசிந்தா.

மற்றதையெல்லாம் துடைத்தேன்.
அந்த வெளிறிய கோட்டுக்குப் பக்கத்தில்
துணி நின்றது.
மணியடித்தது. அடுத்த எண் நாற்பத்தேழு.