இரண்டாவது கேள்வி

ஒரு நாளைக்கு அறுபது பேரோடு பேசுகிறேன்.
மூன்றே வசனம்.
மூச்சை இழுங்கோ. பிடியுங்கோ. விடுங்கோ.
சிங்களத்திலும் அதே மூன்று:
ஹுஸ்ம கன்ன. அல்லாகன்ன. அரின்ன.
கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் நான்,
அந்தப் பக்கம் சட்டையில்லாத நெஞ்சொன்று
குளிர்ந்த பலகையில் ஒட்டிக்கொண்டு.
யாருடைய விலா எந்த இடத்தில் முறிந்தது என்று தெரியும்.
எப்படி முறிந்தது என்று கேட்டதில்லை.

வெள்ளவத்தையில், கடல் பக்கம் இறங்கும் ஒழுங்கையில்
ஆறாம் மாடி எனக்கு.
லிஃப்டில் முப்பத்தெட்டு வினாடி. எண்ணியிருக்கிறேன்.
முப்பத்தெட்டு வினாடியும் இலக்கங்கள் எரிவதைப் பார்த்தபடி நிற்பேன்,
ஏதோ பரீட்சை முடிவு வருவதுபோல.

தை பிறந்ததும் ஒரு தீர்மானம்.
பழைய எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில்
வசனங்கள் எழுதினேன்:
மழை வரும்போல.
இன்றைக்கும் ரயில் பிந்திவிட்டதாம்.
பாரை என்ன விலை போகுது?
உங்கட மகள் நல்லா வளர்ந்திட்டா.

மழை வரும்போல என்றேன் காவலாளி குலதுங்கவிடம்,
சிங்களத்தில், ஒத்திகை பார்த்து.
அவர் வெளியே போய் வானத்தைப் பார்த்தார்.
முகில் ஒன்றுகூட இல்லை.
திரும்பி வந்து என்னையும் பார்த்தார்.

இரண்டாம் மாடித் திருமதி ஞானமுத்துவுக்கு
இருப்பது ஒரு மகன்தானாம்.
தலைமயிர் நீளம்.

சந்தையில் பாரை விலை கேட்டேன்.
சொன்னார்கள்.
"ஓ" என்றேன்.
அந்த "ஓ"வுக்கு அப்பால் எனக்குப் பாதை இல்லை.
கேட்கிறேன், பதில் வந்து விழுகிறது,
விழுந்த இடத்திலேயே கிடக்கிறது.
இரவு மின்விசிறிக்குக் கீழே கிடந்து
என்ன சொல்லியிருக்கலாம் என்று தேடுவேன்.
மூன்று மணியளவில் அருமையான பதிலொன்று வரும்.
கேட்பதற்கு ஃபிரிட்ஜ் மட்டும் விழித்திருக்கும்.

ஐப்பசியில் ஒரு வெள்ளி.
லிஃப்டுக்குள் நான்காம் மாடி மர்சூக்,
இரண்டு கையிலும் ஏந்திய பெட்டி.
வனிலா வாசம்.
என் பட்டியலில் கேக் இல்லை.
"யாருக்குப் பிறந்தநாள்?" வாய் தானாகக் கேட்டது.
"ஒருத்தருக்குமில்ல. திருப்பி அனுப்பிட்டாங்க.
பேர் பிழையாம்."

இங்கேதான் "ஓ" வரும்.
வந்தது. பல்லுக்குப் பின்னால் வந்து நின்றது.
ஆனால் எனக்கு உண்மையிலேயே தெரியவேண்டியிருந்தது.
"எந்த எழுத்து?"

பெட்டியைத் திறந்தார்.
இளநீல ஐசிங்கில், வளைந்து வளைந்து: வாருனி.
"மூணு சுழியாம். நான் ரெண்டு போட்டுட்டேன்.
ஒரு சுழிக்கு ஆறாயிரம் ரூபா போச்சு."
"ஒண்டு சேர்த்துவிட ஏலாதே?"
"எங்க இடம்? பாருங்க, பக்கத்தில ரோசாப்பூ."
குனிந்து பார்த்தேன். இடமில்லைத்தான்.
"பூவைப் பிடுங்கியிருக்கலாம்."
அவர் கேக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.
"இதக் காலையில சொல்லியிருக்கணும் நீங்க."

நான்காம் மாடி. கதவு திறந்தது.
அவர் ஒரு காலை வெளியே வைத்தார், மற்றதை எடுக்கவில்லை.
கதவு வந்து வந்து தோளில் முட்டிப் போனது.
முட்டை விலை, கரண்ட் பில்,
மூன்று சுழியை யார்தான் கண்டுபிடித்தது என்று கோபம்.
கீழே யாரோ லிஃப்டுக்குத் தட்டினார்கள்.
"நீங்க என்ன வேலை?"
சொன்னேன்.
"அப்ப எல்லாரிட உள்ளுக்கும் பாக்கிறீங்க."
"உள்ளுக்குப் பெரிசா ஒண்டுமில்லை. சாம்பல் நிறம்."
அது பகிடியா என்று எனக்கே தெரியாது.
அவர் சிரித்த சிரிப்பில் பெட்டி ஆடியது.

இரவு எட்டரைக்கு அழைப்புமணி.
பத்து வயதிருக்கும், மர்சூக்கின் மூக்கு.
ஒரு தட்டை நீட்டினான்:
"னி" இருந்த துண்டு, ரோசாப்பூவோடு.
"தாங்ஸ்" என்று கதவைச் சாத்தினேன்.
சாத்தியபிறகுதான் உறைத்தது.
அவன் பெயர் கேட்கவில்லை.
திறந்தேன். லிஃப்ட் இறங்கிக்கொண்டிருந்தது.
ஐந்து.
இரண்டு மாடிதானே,
தட்டைக் கையில் பிடித்தபடி
படியால் ஓடினேன்.