ஒன்றுமில்லை என்று எழுது

சில்வன்,
இடைவேளையில் நீ கேட்டாய்:
தினமும் அப்படி என்னதான் எழுதுகிறாய்,
உன் வீட்டில் மட்டும்
தினமும் ஏதாவது நடக்கிறதா என்று.

இல்லை.
எங்கள் வீடும் உங்கள் வீடு போலத்தான்.
ஆறரைக்கு ரொட்டி வண்டி ஹாரன் அடிக்கும்.
ஏழேகாலுக்கு சூயாக் பேருந்து
கரும்புக்காட்டைக் கிழித்துக்கொண்டு போகும்.
அவ்வளவுதான்.
காம் தியாப்ள் என்று
ஊர்ப் பெயரில் ஒரு பிசாசு இருக்கிறது,
ஊரில் இல்லை.
இருந்திருந்தால் எழுதியிருப்பேன்.

இந்தா, பார்.
ஓரம் மடித்த பக்கத்தை மட்டும் திறக்காதே.

"ரொட்டி சூடாக இருந்தது.
பையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டே வந்தேன்."
இது ஒரு நாள்.

"ஜன்னல் கண்ணாடியில் பச்சைப் பல்லி.
வெளியே அது, உள்ளே நான்.
அதன் வயிற்றில் இரண்டு முட்டை தெரிந்தது."
இது இன்னொரு நாள்.

"அப்பா ஹோட்டல் வேலை முடிந்து
இரவு ஒன்றரைக்கு வந்தார்.
காலணியைக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தார்.
நான் தூங்குவதாக நினைத்துக்கொண்டார்."
இதை அப்பாவிடம் சொல்லவில்லை.
நீயும் சொல்லாதே.

அப்புறம் இது:
"தூக்." அதோடு ஒரு நீளக் கோடு.
தூக்கம் என்று எழுதும்போதே
தூங்கிவிட்டேன்.
அதுவும் கணக்குத்தான்.

பெரிய ள வா, சின்ன ல வா என்று
பேனாவைக் கடித்துக்கொண்டு உட்காராதே.
இது வகுப்பு நோட்டு இல்லை,
சிவப்பு மை இங்கே வராது.
மழை என்ற சொல் வர நேரமானால்
லாப்ளி என்றே போடு.
எனக்கும் கூரையில் முதலில் விழுவது லாப்ளிதான்,
மழை பின்னாலேயே நனைந்துகொண்டு வரும்.

பிப்ரவரியில் மூன்றாம் எச்சரிக்கை வந்ததே,
பள்ளி இல்லை என்று நீ தெருவில் குதித்தாயே,
அன்றும் எழுதினேன்.
அம்மா வாளிகளில் தண்ணீர் பிடித்து வைத்தாள்.
மாமா ஜன்னலுக்குப் பலகை அடித்தார்.
கரண்ட் போனது.
டார்ச்சைத் தாடைக்குக் கீழே இடுக்கிக்கொண்டு எழுதினேன்:
"காற்று வாசலில் நின்று
எங்கள் வீட்டுப் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறது.
முதல் எழுத்தைத் தாண்டவில்லை."
அடுத்த வரியில் கூரை ஒழுகியது.
இதோ, இந்த நீலக் குளம்.
ஓர் எழுத்துகூடத் தெரியாது,
ஆனால் இந்தப் பக்கம் எனக்கு மனப்பாடம்.

தினமும் என்று சொன்னேனா?
பொய்.
ஜூனில் பதினோரு நாள் வெறும் வெள்ளை.
கரும்பு பூத்திருந்தது, பட்டம் விட்டோம்,
மறந்தே போனேன்.
பிறகு வெட்கமாக இருந்தது,
நோட்டை அலமாரியில் துணிக்கு அடியில் தள்ளினேன்.
பன்னிரண்டாம் நாள் எடுத்து
தேதி போட்டு,
"வந்துவிட்டேன்" என்று எழுதினேன்.
எங்கே போயிருந்தாய் என்று
நோட்டு கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் ஆகும் என்கிறாய்.
பல் தேய்க்கும் நேரம்தான்.
நீ தேய்க்கிற மாதிரி இல்லை,
சரியாகத் தேய்க்கிற மாதிரி.

எழுத ஒன்றுமே இல்லையென்றால்
ஒன்றுமில்லை என்று எழுது.
அதற்கும் இரண்டு ஒற்று வேண்டும்,
ஒரு கொம்பு வேண்டும்,
உட்கார ஓர் இடம் வேண்டும்.

கடைசிப் பாடவேளையில்
கணக்கு நோட்டின் பின்பக்கம்
நீ குனிந்து எழுதியதைப் பார்த்துவிட்டேன், மன்னித்துவிடு.
"ஒன்றுமில்லை" என்று எழுதினாய்.
முற்றுப்புள்ளி வைக்கப் போய்
அதற்கு ஒரு வால் முளைத்தது:
"ஒன்றுமில்லை, இன்று அந்த நாய்கூட வரவில்லை."

எந்த நாய்? என்றேன்.
சட்டென்று உள்ளங்கையால்
பக்கத்தை மூடிக்கொண்டாய்.

சரி. கேட்கவில்லை.

மணி அடித்து எல்லோரும் போன பிறகும்
நீ எழுந்திருக்கவில்லை.
உன் பேனா மூடி
என் பக்கம் உருண்டு வந்து கிடந்தது.
எடுத்துக் கொடுக்காமல்
அப்படியே விட்டுவிட்டு வந்தேன்.