எடுக்கும் நேரம்

ஆறு பேர் என்றார் குணவதி டீச்சர்.
அறுபது நாற்காலி போதும் என்றேன்.
கூடாரம் வேண்டாம்,
மேலே திறந்தே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு
அவரே வெட்கப்பட்டுக்கொண்டார்.
மழைக்காலம் டீச்சர் என்று
அதையும் லோரியில் ஏற்றினேன்.

செராயா தோட்டத்தில் சாவு விழுந்தால்
முதல் போன் எனக்குத்தான்.
அப்புறம்தான் பூசாரி, அப்புறம் ஐஸ் பெட்டி.
என் ரசீதுப் புத்தகத்தில் நான்கு கட்டம்:
பெயர். வீட்டு நம்பர். நாற்காலி. எடுக்கும் நேரம்.

மூன்று வாரத்துக்கு முன்
தமிழ்ப்பள்ளிக் கூரையில் ஏரியல் கட்ட
இதே கூடாரக் கம்பிகளைத்தான் இரவல் கேட்டார்கள்.
விண்கலம் நம் தலைக்கு மேல் ஒன்பது நிமிடம் போகுமாம்.
வாசலில் நின்று கேட்டேன்.
கச்சான் வறுக்கிற இரைச்சல்,
அதற்குள் ஒரு பெண்ணின் குரல்.
எங்கள் ஊரை அவள் 'சிரையா' என்றாள்.
யாரும் திருத்தவில்லை.

மேலே என்ன வாசம் வரும்?
நாலாம் வகுப்பு லோகஷ்வினி கேட்டாள்.
வெளியே போய் வந்தால்
உடையில் ஒட்டிக்கொண்டு வரும்,
பற்றவைத்த இரும்பின் வாசம் என்றது குரல்.
'எங்கப்பா வாசம்!' என்று
மைக்கை விட்டுக் கத்தினாள் லோகா.
பள்ளி முழுக்கச் சிரித்தது.
வெல்டிங் பட்டறைத் தங்கையாவுக்கு
அன்றைக்கு ஒட்டுக்கடையில்
தே தாரே இலவசம்.

செவ்வாய்க்கிழமை,
அதே ஒட்டுக்கடை டிவியில்
வானத்தில் ஒரு கோடு.
பிறகு நிறையக் கோடுகள்.
ரொட்டி வீசிக்கொண்டிருந்த ரஃபிக்கின் கை நின்றது.
மாவு மேசையில் விழுந்து
மெல்லச் சுருங்கியது.

பள்ளித் திடலில் போட்டோஸ்டாட் எடுத்த ஆறு முகங்கள்.
பூசாரி விளக்கைக் கையில் வைத்துக்கொண்டு
தலைமாடு எது என்று கேட்டார்.
சயாமுக்குப் போன தன் பூட்டனுக்கும்
வீட்டில் இதே குழப்பம்தானாம்.
கடைசியில் ஒரு நாற்காலி மேல் வைத்தார்.
காசு வாங்காத அறுபத்தொன்றாவது நாற்காலி அது.

ஆ செங் தன் வழக்கப்படி
மிட்டாயும் சிவப்பு நூலும் கொடுத்துக்கொண்டே போனார்.
பாக் லாங் ரம்லி ஓரத்தில் உட்கார்ந்து
உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.
பங்களாதேஷ்காரப் பையன்கள் நாலு பேர்,
செம்பனை வெட்டிய கையோடு,
அரிவாளைச் சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார்கள்.
யார் என்று ஒருவன் கண்ணாலேயே கேட்டான்.
மேலே கையைக் காட்டினேன்.
'கெர்ஜா?' என்றான்.
ஆமாம் தம்பி, வேலைக்குப் போன இடத்தில்.
எத்தனையோ நாற்காலி காலி.
அவன் ஈரப் புல்லில் உட்கார்ந்தான்.
மற்ற மூவரும் உட்கார்ந்தார்கள்.

நான்கு நாளாக லோகா
அப்பா பக்கத்தில் போகவில்லையாம்.
பட்டறையைப் பூட்டிவிட்டு,
சோப்புத் தேய்த்துக் குளித்து,
கழுத்தில் பவுடர் திட்டுத்திட்டாக
மகளுக்கு இரண்டு நாற்காலி தள்ளி
உட்கார்ந்திருந்தார் தங்கையா.
டீச்சர் பெயர்களைப் படித்தார்.
நாலாவது, அந்தப் பெண்ணின் பெயர்.
லோகா எழுந்து போய்
அப்பாவின் முழங்கையில் மூக்கை வைத்தாள்.
வைத்தபடி நின்றாள்.
அவர் அசையவில்லை,
கையில் கொசு உட்கார்ந்திருந்தும்.

மழை பிடித்துக்கொண்டது.
கூடாரத்துக்குள் எல்லாரும் நெருங்கினார்கள்.
லோரிக்குள் உட்கார்ந்து ரசீது எழுதினேன்.
பெயர்: டீச்சரிடம் கேட்டு, ஆறு.
வீட்டு நம்பர்: கோடு போட்டேன்.
நாற்காலி: அறுபது.
எடுக்கும் நேரம்:
பேனா கொஞ்சம் நின்றது.

மழை விட்டதும் என்று எழுதினேன்.