சுவரில் பூசணிக்காய்

முதலில் அதை வணக்கம் என்றே நினைத்தோம்.
தூங்கி எழுந்ததும்
இரு கைகளும் விரியும், தலை குனியும்,
மூச்சுவிடும் நேரத்தில்
மறுபடியும் குனியும்.
"யாருக்கு இத்தனை மரியாதை?" என்று
டான்கோ சிரித்தான்.
அந்தச் சிரிப்பு இன்னும் என் அலைபேசியில் இருக்கிறது.
டாக்டர் ஓயர்சூன்
சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தார்.

புந்தா அரேனாசில் காற்று வலுக்கும் நாட்களில்
தெருமுனையில் கயிறு கட்டுவார்கள்,
பிடித்துக்கொண்டு நடக்க.
மிலென்காவின் மூளையலைத் தாளில்
பிடிக்க ஒரு கோடுகூட இல்லை.
திரை முழுக்கப் புயல்.
அதற்கடியில் ஏழு மாதக் குழந்தை,
கண் திறந்தபடி.

ஐந்தாம் மாதம் என் காதணியை இழுத்தவள்
ஆறாம் மாதம் விட்டுவிட்டாள்.
சிரிப்பு எந்தத் தேதியில் நின்றது என்று கேட்டார்கள்.
வந்த தேதியைத்தான் எழுதி வைத்திருந்தோம்.
போனதை யார் எழுதுவார்?

மாத்திரையைப் பொடித்துப் பாலில் கரைக்கிறேன்,
நாளைக்கு நான்கு வேளை.
விரலில் ஒட்டியதை நக்கிப் பார்த்தேன்,
துருப்பிடித்த ஆணி.
பத்தே நாளில் கன்னங்கள் ஊதிக்
கழுத்து காணாமல் போனது.
"நிலா முகம்" என்றாள் செவிலி.
அழகைச் சொல்லவில்லை.
பொம்மைக்குத் தைத்தது போன்ற பட்டையைக் கட்டி
ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே சொன்னாள்.
நாத்தனார் வெஸ்னாவுக்குச் சளி;
ரொட்டியை வாசலில் வைத்துவிட்டு
சன்னல் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று
வாயசைத்தாள்.

நண்டு ஆலையில் பெட்டிகளை எண்ணுகிறவன் டான்கோ.
வீட்டிலும் எண்ணினான்.
செவ்வாய் நாற்பத்தொன்று,
புதன் முப்பத்தெட்டு,
வெள்ளி ஆறு.
திங்களுக்கு எதிரே ஒரு பூச்சியம்,
பென்சிலில்.
பேனாவை எடுக்க அவனுக்குத் தைரியமில்லை.
இன்று ஒன்பதாவது பூச்சியம்.
எல்லாமே பென்சில்தான்.

சிரிப்பு வரவில்லை.
பசிதான் வந்தது, மணிக்கொரு தரம்,
பக்கத்து வீட்டு நாயையும் எழுப்பும் அழுகையோடு.
இன்று விடிகாலை பூசணிக்காய் மசியலை நீட்டினேன்.
கரண்டியைத் தட்டிவிட்டாள்.
சுவரெல்லாம் மஞ்சள்.

"மருந்து தரும் எரிச்சல் அது,
நம்பிக்கை வளர்த்துக்கொள்ளாதீர்கள்" என்றாள்
தொலைபேசியில் செவிலி.
இருக்கலாம்.

ஆனால் தட்டுவதற்கு முன்
கரண்டியைப் பார்த்தாள்.
பிறகு என்னை.
பிறகுதான் கை வந்தது.

சுவரை நான் துடைக்கவில்லை.
டான்கோ ஷிப்ட் முடிந்து
ஏழு மணிக்கு வருவான்.