தொண்ணூறில் வரும் சத்தம்

தொண்ணூறைத் தொட்டால் வரும்.
எண்பத்தைந்தில் இல்லை. நூறிலும் இல்லை.
டொக். கொஞ்சம் இடைவெளி. டொக் டொக்.
யாரோ கதவைத் தட்டிவிட்டு
வீடு மாறி வந்துவிட்டோமோ என்று
யோசிக்கிற மாதிரி.

நிஸ்வா சனையாவில் குல் ஜமான்
ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தான்.
பிக்கப் வாயே திறக்கவில்லை,
டாக்டரைக் கண்டதும் இறங்கிவிடும் காய்ச்சல்போல.
மாஃபி முஷ்கில் என்று
இரண்டு ரியால் வாங்கிக்கொண்டான்.
ரவுண்டானா தாண்டித் தொண்ணூறைத் தொட்டேன்.
டொக்.

ஞாயிற்றுக்கிழமை வண்டிக்கு ஃபஹஸ்.
தேறாவிட்டால் செலவு யார் தலையில் என்று
அர்பாப் சொல்லவில்லை.
சொல்ல வேண்டியதும் இல்லை.

ஆதம் தாண்டி ஹைமா போகிற சாலை.
இதற்குமேல் நேராக்க முடியாத நேர்.
பின்னால் ஒரு பம்பு, ஆறு அங்குலக் குழாய் பத்து.
பக்கத்தில் கொம்பையா.
போன ரமலானில் கம்ப்ரஸர் ஹோஸ் வெடித்து
இரண்டு காதுச் சவ்வும் கிழிந்தவன்.
அவனோடு பேசக் கத்த வேண்டும்.
கத்தினால் சண்டையென்று
கேம்ப்பில் கதவுகள் திறக்கும்.
அதனால் யாரும் பேசுவதில்லை.
சத்தம் தேட
இவனையா கூட்டிவந்தேன் என்று
எனக்கே சிரிப்பு.

ஏசியை நிறுத்தினேன்.
வெயில் உள்ளே வந்து உட்கார்ந்துகொண்டது.
கண்ணாடியை இறக்கினேன்,
காற்றில் எல்லாமே டொக். ஏற்றினேன்.
டேஷ்போர்டைக் காலி செய்தோம்:
பேரீச்சங்கொட்டைகள், தீர்ந்துபோன ரீசார்ஜ் அட்டைகள்,
யாருடையதென்றே தெரியாத ஒரு மூக்குக்கண்ணாடி.
ஜாக்கியைப் பழைய பனியனில் சுற்றினோம்.
ஓரங்கட்டிக் குழாய்களை அவிழ்த்து
இன்னும் இறுக்கிக் கட்டினோம்.
நியூட்ரலில் உருட்டினேன்.
டொக்.

அது வருகிற நேரம் கொம்பையாவுக்குத் தெரிந்தது.
என் இடது கண் சுருங்குகிறதாம்.

அப்புறம் அவன்தான்
டூல்ஸ் பையிலிருந்து நீள ஸ்க்ரூ டிரைவரை எடுத்தான்.
கைப்பிடியைப் பல்லில் கடித்துக்கொண்டு
முனையை இரும்பில் வைத்தான்.
ஒரு குழி போதும், நாலு பல் போய்விடும் என்று கத்தினேன்.
கேட்டால்தானே.
கதவில் வைத்தான். எடுத்தான்.
கியர் பக்கத்தில் தரையில். சீட்டின் காலில்.
ஒவ்வோர் இடத்திலும் ஒரு நிமிஷம்,
உதட்டைப் பிதுக்கி அடுத்த இடம்.
கடைசியில் உடம்பைத் திருகி
சீட்டுக்குப் பின்னால், அவன் பக்கத்துத் தூணில்.

டொக்.

அவன் இமை அசைந்தது.

கிடைச்சுதா என்று கையால் கேட்டேன்.
இல்லை என்று தலையாட்டினான்.
இன்னும் ஓட்டுங்க என்று கையால் காட்டினான்.
ஓட்டினேன்.
முனை அந்த இடத்தைவிட்டு நகரவில்லை.
பத்து கிலோமீட்டர். பதினைந்து.
வியர்வை தாடையில் சொட்டச் சொட்டக்
கடித்தபடி இருந்தான்.
தொடையில் ஒரு விரல் மட்டும்
டொக் என்றால் ஒருமுறை,
டொக் டொக் என்றால் இருமுறை.
பிசகவே இல்லை.

தூணுக்குள் கழன்று விழுந்த ஒரு நட்டாக இருக்கும்.
எந்தக் குல் ஜமானோ தவறவிட்ட
பதின்மூன்று நம்பர் நட்டு.
எட்டு மாதம் கழித்து ஒருவனுக்கு
எலும்பு வழியாக
இந்த உலகம் அனுப்பிய முதல் சத்தம் அது.

குறுக்கே ஒட்டகங்கள்.
வேகத்தைக் குறைத்தேன். எழுபது, ஐம்பது.
ஸ்க்ரூ டிரைவரைப் பல்லிலிருந்து எடுத்து
வண்டியே அதிரக் கேட்டான்:
"ஏம்ணே நிறுத்திட்டீய?"

நான் நிறுத்தியதாக நினைக்கிறான்,
ரேடியோவை அணைப்பதுபோல.
கையைக் காட்டினேன். ஒட்டகம் என்றேன்.
அதுகளுக்கு அவசரமில்லை.
கடைசிக் குட்டி நடுரோட்டில் நின்று
எங்களை நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் போனது.

எண்பது. எண்பத்தைந்து.
இப்போது நான்தான் காத்திருந்தேன்,
எங்கே வராமல் போய்விடுமோ என்று.

டொக்.

கேம்ப்புக்குத் திரும்பும் பலகை வந்தது, போனது.
முள்ளைத் தொண்ணூறிலேயே
தராசு பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டேன்.
பெட்ரோல் கணக்கு கேட்டால்
சத்தத்தைத் தேடினோம் என்பேன்.
அதில் பொய்யில்லை.