சொல்வதை எழுதுபவர்

குடியாத்தம் பள்ளியில் கடைசி அறை.
ஒரு பெஞ்சு, இரண்டு பேர்,
பத்தாம் வகுப்பு அறிவியல் தாள்.
தேர்வு கோகிலவேணியுடையது. பேனா என்னுடையது.
"அவ சொல்றத மட்டும் எழுதுங்க டீச்சர்,
உங்களுக்குத் தெரிஞ்சத இல்ல"
என்றார் துறை அலுவலர்.
நான் தமிழாசிரியை.
எனக்கு அறிவியல் தெரியாது என்று
கே.வி.குப்பத்தில் எல்லோருக்கும் நம்பிக்கை.
அதனால்தான் அனுப்பினார்கள்.

இந்த அறைக்கு வர
அவள் மூன்று முறை அடுக்கம்பாறை போயிருக்கிறாள்.
மூன்றாவது முறைதான் டாக்டர் சீட்டில் இருந்தாராம்.
அந்த மூன்று நாளும்
பேரணாம்பட்டு ஷேர் ஆட்டோ ஓடவில்லை.
வட்ட முத்திரையிட்ட ஒரு தாள்,
நான்காய் மடித்து பிளாஸ்டிக் கவரில்,
ஹால் டிக்கெட்டை விட பத்திரமாக.

மணி அடிக்கும் முன்பு சும்மா கேட்டாள்:
"கேன்னு சொன்னா
க் தானே மிஸ் வாயில மொதல்ல வருது?
அப்புறம் ஏன் கொம்ப முன்னாடி போடுறோம்?"
இருபத்திரண்டு வருடமாய்
கரும்பலகையில் கொம்பு போடுகிறேன்.
யாரும் கேட்டதில்லை.
எனக்கும் தோன்றியதில்லை.

பக்க இணைப்பு பற்றிய கேள்வி.
அவள் கண்ணை மூடிக்கொண்டாள்.
"எங்கப்பா ஆட்டோல ஹெட்லைட்டு போனாலும்
ஹாரன் அடிக்குது. அதான் பக்க இணைப்பு.
ஒண்ணு செத்தா இன்னொண்ணு சாவாது."
அடிக்குது என்பதா, ஒலிக்கிறது என்பதா?
பேனா அரை நிமிடம் காற்றில் நின்றது.
சொல்வதை மட்டும்.
அடிக்குது என்றே எழுதினேன்.
சாவாது என்றும் எழுதினேன்.
என் வாழ்நாளில்
விடைத்தாளில் எழுதிய முதல் பேச்சுத்தமிழ்.

அடுத்து கிட்டப்பார்வை.
"குவி லென்சு" என்றாள்.
என் மூக்கின் மேலேயே
பதினைந்து வருடமாய் உட்கார்ந்திருக்கிறது விடை.
குவி என்று எழுதினேன்.
சுழித்து, அழகாக, தப்பாக.

பன்னிரண்டே முக்கால்.
வராண்டாவில் செருப்புகள் தேடும் சத்தம்,
குழாயடியில் தண்ணீர், சிரிப்பு,
"அந்த ஒரு மார்க்குல என்னடி வந்தது?"
பிறகு ஒன்றுமில்லை.
எங்களுக்கு மட்டும் இன்னும் ஒரு மணி நேரம்.
ஜன்னல் வழியே மார்ச் மாத வெயிலும்
கேட்டில் ஒரு குரலும்:
"இன்னா சார், எல்லாப் பசங்களும் வந்துட்டுது,
எம்பொண்ணு மட்டும் இன்னா பண்ணுது உள்ள?"

"மிஸ், எழுதினத திருப்பிப் படிங்க."
படிக்கலாம். விதியில் உண்டு.
ஏற்றமும் இறக்கமும் இல்லாமல்
ரேஷன் அட்டை படிப்பதுபோல் படித்தேன்.
குவி லென்சு என்ற இடத்தில்
"இருங்க" என்றாள். "குழி. குழி மிஸ். மாத்துங்க."
அடித்துவிட்டு எழுதினேன்.
அவள் காதா கண்டுபிடித்தது,
இல்லை என் குரல் அங்கே இம்மியளவு நின்றதா?
இன்றுவரை தெரியவில்லை.

அந்த ஒரு மணி நேரத்தில்தான்
தணிகைமலை நினைவுக்கு வந்தான். ஒன்பது பி.
அவன் கட்டுரை நோட்டில்
எழுத்தைவிட என் சிவப்பு வட்டங்கள் அதிகம்.
அடியில் 'கவனக்குறைவு' என்று எழுதி
இரண்டு கோடு இழுத்திருந்தேன்.
ஆம்பூரில் ஷூ கம்பெனியில் இருக்கிறானாம்.
அவனுக்கு என்ன சிக்கல் இருந்ததோ எனக்குத் தெரியாது.
ஒருநாளும் வாயால் சொல்லச் சொல்லி
நான் கேட்கவில்லை என்பது தெரியும்.

முடிந்தது.
நூலும் உறையுமாய் துறை அலுவலர் வாசலில்.
கையொப்பம் மட்டும் அவளே போடவேண்டும்.
பேனாவைக் கொடுத்தேன்.
கட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு
முதலில் க என்று எழுதினாள்.
வாய்க்குள் ஏதோ சொல்லிப் பார்த்தாள்.
திரும்பி வந்து, விட்டிருந்த இடத்தில்
இரட்டைக்கொம்பு.
அப்புறம் கால்.
வேணியில் வே வந்தபோதும் அப்படியே,
ஒரு சின்ன இடம், வ, திரும்பி வந்து கொம்பு.

"சீக்கிரம்மா" என்றார் அவர்.
அவள் ணி-யின் சுழியில் இருந்தாள்.
நான் ஒன்றும் சொல்லவில்லை.
கடிகாரத்தைக் காட்டினேன்:
இன்னும் நான்கு நிமிடம் இருந்தது.